‘எனக்குக் கணக்கு வராது’ என்று சொல்லாதீர்கள்!

காவேரிப்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு மார்கழி மாதத்தில் விடியற்காலை நாலரை மணிக்கே பொழுது விடிந்துவிடும். ஏரிப் பக்கமிருந்து வீசும் குளிர்காற்றில் முக்காட்டை இழுத்துப் போர்த்துக்கொண்டு, ஒவ்வொரு வாசலிலும் ஒரு பெண் குனிந்து நின்று புள்ளி வைத்துக்கொண்டிருப்பாள். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் கொஞ்சம் அவசரம். ராணிப்பேட்டை ஷூ கம்பெனிக்குப் போகும் வேன் வருவதற்குள் கோலம், சமையல், பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பா எல்லாம் முடிந்தாக வேண்டும். ஆனாலும் அவள் போடும் சிக்குக் கோலத்தில் ஓர் இழை தப்பி நான் பார்த்ததில்லை.

அவளுடைய பெண் ஆறாம் வகுப்பு. அரையாண்டுத் தேர்வு விடைத்தாளைக் கொடுத்த அன்று சாயங்காலம், கண்ணைக் கசக்கிக்கொண்டு எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டாள். கணக்கில் மதிப்பெண் ரொம்பக் குறைவு. வேலையிலிருந்து திரும்பிய தாய் வந்து பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் சொன்னாள்.

“விடுங்கக்கா, எனக்கும் கணக்கு வராது. அதுக்குப் பயந்துதான் எட்டாவதோட நின்னுட்டேன். இவளுக்கும் அதே ரத்தம்தானே ஓடுது? எங்க வரப் போவுது!”

அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்தேன். அழுகை நின்றுவிட்டது. ‘நமக்கு வராது, அவ்வளவுதான்’ என்று தீர்ப்பு எழுதிக்கொண்ட முகம் அது. எனக்குத் திக்கென்றது.

சகோதரிகளே, நம்மில் எத்தனை பேர் இந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறோம்! ‘தமிழ் எனக்கு வராது’ என்று சொல்ல வெட்கப்படுவோம். ‘கணக்கு வராது’ என்று மட்டும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறோம். இது சாதாரண விஷயம் இல்லை. அமெரிக்காவில் சிக்காகோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், முதல் இரண்டு வகுப்புகளில் படிக்கும் குழந்தைகளையும் அவர்கள் பெற்றோர்களையும் வைத்து ஓர் ஆராய்ச்சி செய்து 2015-ல் வெளியிட்டார்கள். கணக்கைக் கண்டு பயப்படுகிற பெற்றோர் வீட்டுப்பாடத்துக்கு அடிக்கடி உதவி செய்த வீடுகளில், குழந்தைகள் அந்த வருஷம் கணக்கைக் குறைவாகவே கற்றார்களாம். பயமும் கூடியதாம். பயந்த பெற்றோர் அடிக்கடி தலையிடாத வீடுகளில் இந்தத் தீங்கு இல்லை. அதாவது, கணக்கைச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று நம் பயத்தைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறோம்!

அப்படியானால் உதவி செய்யாமல் ஒதுங்கிவிடலாமா? வேண்டாம். பயத்தை ஒதுக்கினால் போதும். அதற்கு வழி நம் வீட்டிலேயே இருக்கிறது.

புளியங்கொட்டை போதும்

குழந்தை சறுக்கிய பாடம் என்ன என்று விடைத்தாளைப் பார்த்தேன். காரணிகள், பகா எண்கள், மீப்பெரு பொதுக் காரணி, மீச்சிறு பொது மடங்கு. நம்மில் சிலர் பள்ளிக்கூடத்தில் மீ.பொ.வ., மீ.பொ.ம. என்று படித்தது இதைத்தான். பெயர்தான் பயமுறுத்துகிறது. உள்ளே இருப்பது நாம் தினமும் செய்கிற காரியம்.

பன்னிரண்டு புளியங்கொட்டைகளைக் குழந்தையிடம் கொடுத்து, எல்லா வரிசையிலும் சமமாக வரும்படி அடுக்கச் சொன்னேன். ஒரே வரிசையாக 12 அடுக்கினாள். பிறகு 2 வரிசையில் 6. பிறகு 3 வரிசையில் 4. “வேற மாதிரி வராது அத்தை” என்றாள். அவ்வளவுதான்! 1, 2, 3, 4, 6, 12 இந்த ஆறும்தான் பன்னிரண்டின் காரணிகள்.

“இன்னும் ஒரு கொட்டை சேர்த்துக்கோ. இப்ப அடுக்கு பார்க்கலாம்” என்றேன். பதின்மூன்றை எப்படி எப்படியோ மாற்றி வைத்துப் பார்த்தாள். இரண்டு வரிசையென்றால் ஒன்று மிஞ்சுகிறது. மூன்று, நான்கு, ஆறு வரிசைக்கும் ஒன்று மிஞ்சுகிறது. ஐந்து வரிசையென்றால் மூன்று மிஞ்சுகிறது. “இது ஒரே வரிசையிலதான் நிப்பேன்னு அடம் பிடிக்குது!” என்று சிரித்தாள். அப்படி அடம் பிடிக்கும் எண்ணுக்குத்தான் பகா எண் என்று பெயர். 1-ஆலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் பகுபடாதது. (ஒன்று என்ற எண் பகா எண்ணும் இல்லை, பகு எண்ணும் இல்லை. தேர்வில் குழந்தைகள் ஏமாறும் இடம் இது. சொல்லி வையுங்கள்.)

பகா எண்களைக் கண்டுபிடிக்க ஒரு சல்லடை இருக்கிறது. நாம் மாவு சலிப்பதில்லையா, அதே மாதிரிதான். சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் சொன்ன முறை. 31 நாள் உள்ள ஒரு மாதத்தின் பழைய காலண்டர் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். 1-ஐ அடித்துவிடுங்கள். 2-ஐ வட்டமிட்டு, அதன் மடங்குகளான 4, 6, 8 எல்லாவற்றையும் அடியுங்கள். 3-ஐ வட்டமிட்டு 6, 9, 12 என்று அடியுங்கள். அடுத்து 5-ஐ வட்டமிட்டு அதன் மடங்குகள். அத்தோடு வேலை முடிந்தது. அடுத்த எண் 7. ஏழேழு 49, நம் காலண்டரோ 31-லேயே முடிந்துவிடுகிறது. சல்லடையில் தங்கியவை: 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23, 29, 31. மொத்தம் 11 பகா எண்கள். இதில் 2 மட்டும்தான் இரட்டைப்படை. மற்றவை எல்லாம் ஒற்றைப்படை. காரணம் என்ன என்று குழந்தையைக் கேளுங்கள். ஷூ தைக்கிற அம்மாவின் பெண் உடனே சொல்லிவிட்டாள்: “இரட்டைப்படைன்னா ஜோடி ஜோடியா பிரிஞ்சிடுமே!”

பலகாரப் பொட்டலமும் மருந்து வேளையும்

அடுத்தது பொதுக் காரணி. பண்டிகைக்கு 24 முறுக்கும் 36 அதிரசமும் செய்திருக்கிறீர்கள். அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கப் பொட்டலம் கட்ட வேண்டும். எல்லாப் பொட்டலமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், எதுவும் மிஞ்சக் கூடாது. அதிகபட்சம் எத்தனை வீட்டுக்குக் கொடுக்கலாம்? 12 வீட்டுக்கு. ஒவ்வொரு பொட்டலத்திலும் 2 முறுக்கு, 3 அதிரசம். இந்த 12-தான் 24, 36 இரண்டுக்கும் மீப்பெரு பொதுக் காரணி.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழியுங்கள். 36-லிருந்து 24 போனால் 12. இப்போது கையில் இருப்பவை 24-ம் 12-ம். மறுபடி கழித்தால் 12-ம் 12-ம். இரண்டும் சமமானதும் நிறுத்துங்கள். விடை 12. கிரேக்க நாட்டு யூக்ளிட் சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்த முறை இது. நம் ஆரியபட்டர் கி.பி. 499-ல் தமது நூலில் குட்டகம் என்ற கணக்குக்கு இதே அடிப்படையைத்தான் பயன்படுத்தினார். இரண்டு எண்களுக்குப் பொதுவான காரணி, அவற்றின் வித்தியாசத்தையும் மீதியில்லாமல் வகுத்துவிடும் என்பதுதான் இதற்குள் இருக்கும் சூட்சுமம். இந்தச் சூட்சுமத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், வாசலுக்குப் போகும்போது வேண்டியிருக்கும்.

இனி பொது மடங்கு. வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை. டாக்டர் ஒரு மருந்தை 6 மணி நேரத்துக்கு ஒரு தடவையும், இன்னொன்றை 8 மணி நேரத்துக்கு ஒரு தடவையும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். காலை 6 மணிக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்தீர்கள். முதல் மருந்து பகல் 12, மாலை 6, நள்ளிரவு 12, காலை 6. இரண்டாவது பகல் 2, இரவு 10, காலை 6. மறுநாள் காலை 6 மணிக்குத்தான் இரண்டும் மறுபடி சந்திக்கின்றன. அதாவது 24 மணி நேரம் கழித்து. 6, 8 இரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு 24. இதைத் தாளில் எழுதிப் பார்த்த எதிர்வீட்டுத் தாய், “இவ்வளவுதானாக்கா? இதை எங்க மாமியாருக்கு நான் மனசுலயே போட்டுக் குடுத்திருக்கேனே!” என்றாள்.

“கணக்கு வராதுன்னியே?” என்று கேட்டேன். பதில் இல்லை. ஆனால் அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போக அவசரப்படவில்லை.

வாசலுக்கு வாருங்கள்

இப்போது நான் சொல்ல வந்த முக்கிய விஷயம். நாம் வாசலில் போடும் சிக்குக் கோலத்தில் இந்தப் பாடம் முழுக்க அடங்கியிருக்கிறது.

இடைப்புள்ளி வேண்டாம், நேர்ப்புள்ளி வையுங்கள். முதலில் 2 வரிசை, வரிசைக்கு 3 புள்ளி. அடுத்தடுத்த எந்த இரண்டு புள்ளிகளை எடுத்துக்கொண்டாலும், அவற்றுக்கு நடுவே இழைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு சாய்வாகப் போக வேண்டும். ஓரத்துக்கு வந்தால் மட்டும் புள்ளியை வளைத்துத் திரும்ப வேண்டும். நடுவில் எங்கேயும் இழையைத் திருப்பிவிடக் கூடாது. கையை எடுக்காமல் போட்டுப் பாருங்கள். தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும்போது ஆறு புள்ளிகளும் சுற்றப்பட்டிருக்கும். ஒரே இழை!

இப்போது 2-க்கு 2 போடுங்கள். ஒரு சுற்று முடிந்துவிடும், ஆனால் கோலம் முடிந்திருக்காது. இன்னோர் இழை தனியாகப் போட வேண்டும். மொத்தம் இரண்டு இழை. 3-க்கு 3 போட்டால் மூன்று இழை. 4-க்கு 6 போட்டால் இரண்டு இழை. 6-க்கு 9 போட்டால் மூன்று.

தெரிகிறதா? வரிசை எத்தனை, வரிசைக்குப் புள்ளி எத்தனை என்ற இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ, அத்தனை இழைகள் வரும். ஒரு தடவைகூடத் தவறாது.

ஏன் அப்படி? மருந்து வேளையை நினைத்துக்கொள்ளுங்கள். இழை சாய்வாகப் போகும்போது இரண்டு பயணங்களை ஒரே சமயத்தில் செய்கிறது. இடமிருந்து வலம் போய்த் திரும்புவது ஒன்று, மேலிருந்து கீழ் போய்த் திரும்புவது ஒன்று. இரண்டும் ஒன்றாக முடிகிற போதுதான் இழை தொடங்கிய இடத்துக்கு வரும். இரண்டு மருந்தும் சந்திக்கிற வேளை போல! ஆகவே ஓர் இழையின் நீளத்தைத் தீர்மானிப்பது மீச்சிறு பொது மடங்கு.

எண்ணியும் பார்க்கலாம். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் நான்கு பக்கமும் நான்கு துண்டு இழை இருக்கிறது. 4-க்கு 6 கோலத்தில் 24 புள்ளிகள், துண்டுகள் 96. நாலுக்கும் ஆறுக்கும் மீச்சிறு பொது மடங்கு 12. ஓர் இழை ஒரு முழுச் சுற்றில் அதைப் போல நான்கு மடங்கு, அதாவது 48 துண்டுகளை முடிக்கிறது. 96-ல் எத்தனை 48? இரண்டு. ஆகவே இரண்டு இழை. ‘இரண்டு எண்களைப் பெருக்கி வருவதும், அவற்றின் மீப்பெரு பொதுக் காரணியையும் மீச்சிறு பொது மடங்கையும் பெருக்கி வருவதும் ஒன்றே’ என்று பாடப் புத்தகத்தில் குழந்தைகள் மனப்பாடம் செய்கிறார்களே, அந்த விதியைத்தான் கோலமாவில் எழுதியிருக்கிறீர்கள். 4 × 6 = 24; 2 × 12 = 24.

இப்போது அந்தச் சூட்சுமத்துக்கு வருவோம். ஒரே இழையில் முடியும் கோலம் வேண்டுமா? அடுத்தடுத்த இரண்டு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். 4-க்கு 5, 7-க்கு 8, எதுவானாலும் சரி. அவற்றின் வித்தியாசம் 1. பொதுக் காரணி வித்தியாசத்தையும் வகுக்க வேண்டுமல்லவா? 1-ஐ வகுக்கக் கூடியது 1 மட்டும்தான். ஆகவே எப்போதும் ஒரே இழை.

ஒரு எச்சரிக்கை: நடுவில் இழையைத் திருப்பிவிட்டு வேறு உருவம் வரவழைக்கும் கோலங்களுக்கும், இடைப்புள்ளிக் கோலங்களுக்கும் இந்த விதி அப்படியே பொருந்தாது. அவற்றுக்கு வேறு கணக்கு உண்டு.

பெரிய படிப்பாளிகளும் குனிந்து பார்த்த கோலம்

இதை நான் சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை. தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி, அவருடைய மனைவி ராணி சிரோமணி, இவர்களோடு கமலா கிருத்திவாசன் ஆகியோர் சேர்ந்து, கோலங்களில் உள்ள ஒழுங்கைக் கணினிக்கான இலக்கண விதிகளாக எழுதலாம் என்று காட்டிய கட்டுரை 1974-ல் வெளிநாட்டு ஆராய்ச்சி இதழ் ஒன்றில் வந்தது. மூவரில் இருவர் பெண்கள் என்பதைக் கவனியுங்கள்! நம் பாட்டிமார் கைவழியாகக் கொடுத்துவிட்டுப் போன வித்தை, உலகத்துக் கணினி அறிஞர்களின் மேசைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

எண்களைக் காதலித்த நம் ராமானுஜனையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர். அவர் பிறந்தநாளை 2012 முதல் தேசியக் கணித தினமாகக் கொண்டாடுகிறோம். அவரும் காரணிகளைப் பற்றிப் பெரிய கட்டுரை ஒன்று எழுதினார். லண்டனில் 1915-ல் வெளிவந்தது. தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்கள் எவை என்பதே அதன் பொருள். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று அந்த வரிசை போகிறது. பார்த்தீர்களா, எல்லாம் நமக்குத் தெரிந்த எண்கள்! வாழைப்பழம் வாங்கும் டஜன் 12. நாளுக்கு மணி 24. மணிக்கு நிமிஷம் 60. பாதியாக, மூன்றில் ஒன்றாக, காலாகச் சுலபமாகப் பிரிக்க முடிகிற எண்களை மனிதர்கள் புழக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். “எங்க கம்பெனியிலயும் பன்னிரண்டு ஜோடிதான் ஒரு கட்டுக்கா. பத்தா வெச்சிருந்தா சுலபம்னு நினைப்பேன். இப்பதான் புரியுது” என்றாள் எதிர்வீட்டுக்காரி. பத்தை மூன்று பேருக்குப் பிரிக்க முடியாது. பன்னிரண்டைப் பிரிக்கலாம்.

தாய்மார்களுக்குச் சில வார்த்தைகள்

குழந்தை கணக்கோடு வந்து நிற்கும்போது, ‘எனக்கு வராது’ என்பதற்குப் பதிலாக, ‘எனக்கும் மறந்து போச்சு, வா, சேர்ந்து பார்க்கலாம்’ என்று சொல்லுங்கள். மறந்ததை மறுபடி கற்கலாம் என்று குழந்தைக்குப் புரியும்.

விடையைச் சொல்லாதீர்கள். ‘ஏன் அப்படி வந்தது?’ என்று கேளுங்கள். உங்களுக்கு விடை தெரியாவிட்டாலும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். விளக்கிச் சொல்லும்போதே பாதிப் பிள்ளைகள் தங்கள் தவறைத் தாங்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

தப்பாகப் போட்டால் தலையில் குட்டாதீர்கள். கோலத்தில் இழை தப்பினால் என்ன செய்கிறோம்? காலால் தேய்த்துவிட்டு மறுபடி போடுகிறோம். கணக்கும் அப்படித்தான்.

வாசல் இல்லாத அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் சிலேட்டிலோ கட்டம் போட்ட நோட்டிலோ கோலம் போடலாம். பெண் குழந்தைக்கு மட்டும்தான் கோலம் என்று நினைக்க வேண்டாம். பையனையும் பக்கத்தில் உட்கார வைத்து, இழை எத்தனை வரும் என்று முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள்.

இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் கதவைத் திறந்தேன். எதிர்வாசலில் தாயும் மகளும் சேர்ந்து குனிந்திருந்தார்கள். தாய் புள்ளி வைத்து முடித்தாள். மகள் ஒரு நிமிஷம் விரல்விட்டு ஏதோ எண்ணினாள்.

“அம்மா, இதுக்கு அஞ்சு இழை வரும். நீ போட்டுப் பாரு” என்றாள்.

10-க்கு 15. என்ன வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். நாளைக் காலையில் நீங்களே உங்கள் பிள்ளையோடு போட்டுப் பாருங்கள். அன்றைக்கு எதிர்வாசலில் இரண்டாவது இழை நடக்கும்போதே வேன் வந்து ஹாரன் அடித்துவிட்டது. மீதியை மகள் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள் தாய். வேனில் ஏறும்போது திரும்பிப் பார்த்து, தெருவே கேட்கும்படி சொன்னாள்: “சாயங்காலம் வந்து எண்ணுவேன்டி!”